எலுமிச்சை, ஆரஞ்சு புற்றுநோயைக் கொல்லுமா? கொல்லிமலை ஆரஞ்சுத் தோல் முதல் வாட்ஸ்அப் ஃபார்வர்டு வரை... ஆய்வுகள் சொல்வது என்ன?

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில், காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தால் நாடுகள் வரும். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, எடப்புளி நாடு என்று ஊராட்சிகளுக்கே இங்கே ‘நாடு’ என்றுதான் பெயர். காப்பிக்கும் மிளகுக்கும் நடுவே மலை ஆரஞ்சு காய்க்கிற பூமி இது. அந்த ஆரஞ்சின் தோலை உரித்து மடக்கினால் கண்ணில் ‘சுர்’ என்று ஒரு சாரல் தெறிக்குமே, அதில் பெரும்பங்கு லிமோனீன் என்ற ஒரே ஒரு பொருள்தான்.

இந்த லிமோனீனைப் புற்றுநோயாளிகளுக்கு உண்மையிலேயே கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால், ‘கீமோதெரபியைவிட 10,000 மடங்கு சக்தி வாய்ந்தது எலுமிச்சை’ என்று குடும்ப குரூப்களில் வருகிற ஃபார்வர்டுக்கும் அந்த ஆய்வுகளின் முடிவுக்கும் ரொம்ப தூரம். அந்தத் தூரம் எவ்வளவு என்று பார்ப்போம்.

அந்த ‘10,000 மடங்கு’ எங்கிருந்து வந்தது?

இந்த ஃபார்வர்டு 2011-ம் ஆண்டு வாக்கிலிருந்தே இணையத்தில் சுற்றுகிறது. அமெரிக்காவின் பால்டிமோரில் இருக்கும் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் கீழே இருக்கும். எந்த ஆய்வு, யார் செய்தது, எத்தனை நோயாளிகள் என்று எதுவும் இருக்காது.

எண்ணுக்கு மட்டும் ஒரு பூர்வீகம் உண்டு. அது எலுமிச்சையுடையது இல்லை, முள்சீத்தாவுடையது. முள்சீத்தா விதையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு வேதிப்பொருளை 1996-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆய்வகத் தட்டில் வளர்த்த ஒரு வகைக் குடல் புற்றுநோய் செல்கள்மீது சோதித்தார்கள். அந்தத் தட்டில், அந்த செல் வகையில், அட்ரியாமைசின் என்ற கீமோ மருந்தைவிட 10,000 மடங்கு குறைந்த அளவிலேயே அது வேலை செய்தது. மனிதர்களுக்கு யாரும் கொடுத்துப் பார்க்கவில்லை. இணையத்தில் அது முதலில் ‘முள்சீத்தா பழம் புற்றுநோயைக் கொல்லும்’ என்று ஆனது. பிறகு பழத்தின் பெயரை மட்டும் மாற்றி எலுமிச்சை ஆக்கிவிட்டார்கள். எண் அப்படியே இருக்கிறது!

டாடா மருத்துவமனை அறிக்கை விட வேண்டி வந்தது ஏன்?

இது ஏதோ படிக்காதவர்கள் நம்புகிற சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2024 நவம்பரில் முன்னாள் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து அமிர்தசரஸில் செய்தியாளர்களைச் சந்தித்தார். நான்காம் கட்டப் புற்றுநோயில் இருந்த தன் மனைவி நவ்ஜோத் கவுர் குணமாகிவிட்டார் என்றார். எலுமிச்சைத் தண்ணீர், பச்சை மஞ்சள், வேப்பிலை, ஆப்பிள் சிடர் வினிகர், சர்க்கரையும் பாலும் இல்லாத உணவு, 40 நாள் என்று அவர் சொன்ன பட்டியல் வீடியோவாக நாடு முழுக்கப் பரவியது.

அடுத்த சில நாள்களில் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் பணியாற்றும், முன்பு பணியாற்றிய 262 புற்றுநோய் மருத்துவர்கள் கையெழுத்திட்ட அறிக்கை வந்தது. இந்த உணவுகள் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்குத் தரமான ஆதாரம் இல்லை, நிரூபிக்கப்படாத வைத்தியத்தை நம்பி யாரும் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம் என்பது அதன் சாரம். பிறகு சித்துவும், மருத்துவர்களின் ஆலோசனையோடு, சிகிச்சைக்குத் துணையாகத்தான் அந்த உணவுமுறையைப் பின்பற்றினோம் என்று விளக்கம் கொடுத்தார். அவரது மனைவிக்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் நடந்திருந்தன. ஆனால் 40 நாள் கதை போன வேகத்தில் இந்த விளக்கம் போகவில்லை.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள், வழக்கமான சிகிச்சை எதையும் எடுக்காமல் மாற்று வைத்தியத்தை மட்டும் தேர்ந்தெடுத்த 281 புற்றுநோயாளிகளை, அதே மாதிரி நிலையில் இருந்து சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டார்கள். 2018-ல் வெளியான முடிவு: மாற்று வைத்தியம் மட்டும் எடுத்தவர்களுக்கு இறக்கும் ஆபத்து 2.5 மடங்கு. மார்பகப் புற்றுநோயில் மட்டும் பார்த்தால் 5 மடங்குக்கும் மேல். இவர்களில் யாருக்கும் நோய் உடலின் மற்ற பகுதிகளுக்குப் பரவியிருக்கவில்லை. அதாவது, குணப்படுத்த வாய்ப்பு இருந்த கட்டத்தில் வந்தவர்கள்.

சரி, அப்போ ஆரஞ்சில் ஒண்ணுமே இல்லையா?

இருக்கு. அதனால்தான் விஞ்ஞானிகள் 40 வருடமாக அதை விடாமல் துரத்துகிறார்கள்.

ஒரு ஆரஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். வெளித்தோலின் எண்ணெய்ப் பைகளில் லிமோனீன். கமலா ஆரஞ்சு வகையின் தோலில் கூடுதலாக நோபிலெட்டின், டான்ஜரெட்டின். தோலுக்கும் சுளைக்கும் நடுவே இருக்கும் வெள்ளைச் சவ்வில் ஹெஸ்பெரிடின். பம்ப்ளிமாஸ் என்றால் கசப்புக்குக் காரணமான நாரின்ஜின். விதையைக் கடித்தால் வாய் கசந்துபோகிறதே, அது லிமோனின். லிமோனீன் வேறு, லிமோனின் வேறு. பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும். லிமோனின் சேர்ந்த குடும்பத்துக்கு லிமோனாய்டு என்று பெயர். வேம்பின் கசப்பும் இதே குடும்பத்துச் சொத்துதான்.

(பெயர் என்றதும் ஒன்று. ‘ஆரஞ்சு’ என்ற சொல்லைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் பாரசீகத்தின் நாரங், வடமொழியின் நாரங்க என்று போய், கடைசியில் நம் நாரத்தை பக்கம் ஒரு திராவிட வேரில் நிற்கும் என்பது சொல்லாய்வாளர்கள் பலரின் கருத்து. அதாவது நம்மிடமிருந்து போன சொல், ஆங்கிலம் வழியாக நம்மிடமே கடனாகத் திரும்பி வந்திருக்கிறது.)

இந்தப் பொருள்கள் புற்று செல்லை என்ன செய்கின்றன? ஒரு செல் இரண்டாகப் பிரியும் முன் பல கட்டங்களைத் தாண்ட வேண்டும். மலைப்பாதையில் வரிசையாக செக்போஸ்ட் இருப்பது மாதிரி. ஒவ்வொரு செக்போஸ்ட்டிலும் ‘எல்லாம் சரியா இருக்கா’ என்று பார்த்துத்தான் தடுப்பைத் தூக்குவார்கள். முதல் செக்போஸ்ட்டைத் தாண்ட சைக்ளின் டி1 என்ற புரதம் வேண்டும். அதுதான் பாஸ். பல புற்றுநோய்களில், குறிப்பாக மார்பகப் புற்றுநோயில், இந்தப் பாஸ் அளவுக்கு மீறி அச்சடிக்கப்படுகிறது. செல்கள் கேட்பாரில்லாமல் பெருகுகின்றன.

ஆய்வகத் தட்டில் நோபிலெட்டினைச் சேர்த்தால் புற்று செல்கள் இந்த முதல் செக்போஸ்ட்டில் தேங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறார்கள். லிமோனீன் உடலில் உடைந்து உண்டாகும் பெரில்லில் ஆல்கஹால் போன்ற பொருள்கள் இன்னொரு பக்கம் போகின்றன. ‘வளர், வளர்’ என்று சமிக்ஞை கொடுக்கும் ராஸ் என்ற புரதம் செல்லின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டால்தான் வேலை செய்யும். அது ஒட்டுவதற்கான பசையை இவை தடுக்கின்றன. ஹெஸ்பெரிடின், நாரின்ஜின் இரண்டிலிருந்தும் கிடைக்கும் பொருள்கள், செல் தானாகவே சாகும் ஏற்பாட்டைத் தூண்டுவதும் பதிவாகியிருக்கிறது. உடலுக்குள் வரும் நச்சுகளைக் கழுவி வெளியேற்றும் என்சைம்களை இவற்றில் சில கூட்டிவிடுகின்றன.

எல்லாம் சரிதான். ஆனால் தட்டில் இருக்கும் செல்லைக் கொதிக்கிற தண்ணீரும் கொல்லும். ஆராய்ச்சி அங்கிருந்து அடுத்த படிக்குப் போக வேண்டும்.

சிதம்பரத்தில் நடந்த சோதனை

அடுத்த படி எலி. இதில் நம்ம ஊர் ஆய்வு ஒன்று முக்கியமானது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வாளர்கள் ஹெஸ்பெரெட்டினை எடுத்துக்கொண்டார்கள். நாம் சாப்பிடும் ஹெஸ்பெரிடினைக் குடல் பாக்டீரியா உடைக்கும்போது கிடைப்பது இது. எலிகளுக்குப் பெருங்குடல் புற்றை உண்டாக்கும் ஒரு ரசாயனத்தைக் கொடுத்து, ஒரு பகுதி எலிகளுக்கு மட்டும் ஹெஸ்பெரெட்டினையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2009-ல் வெளியான அந்த ஆய்வில், புற்றுக்கு முந்தைய நிலையான குடல் மாற்றங்கள் ஹெஸ்பெரெட்டின் கொடுத்த எலிகளில் குறைந்திருந்தன. அளவு, உடல் எடை ஒரு கிலோவுக்குத் தினமும் 20 மில்லிகிராம்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கோல்டு குழுவினர் 1980-களிலேயே லிமோனீனைப் பிடித்துவிட்டார்கள். பெண் எலிகளுக்கு மார்பகக் கட்டி வருவதை அது குறைத்தது. ஏற்கெனவே வந்த கட்டிகள்கூடச் சுருங்கின. உலகமே இந்தப் பக்கம் திரும்பியது அதற்குப் பிறகுதான்.

ஆனால் எலி, எலிதான். அதே லிமோனீனை நிறைய கொடுத்தபோது ஆண் எலிகளுக்குச் சிறுநீரகத்தில் கட்டி வந்தது! பதறிப்போய் ஆராய்ந்தார்கள். ஆண் எலிகளிடம் மட்டும் இருக்கும் ஒரு புரதத்தோடு லிமோனீன் சேர்வதால் வரும் கோளாறு அது, மனிதர்களிடம் அந்தப் புரதம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அந்தக் கவலை அடங்கியது. எலியில் கெட்டது நடந்தபோது ‘மனிதனுக்குப் பொருந்தாது’ என்று நிம்மதி அடைந்த நாம், நல்லது நடந்தபோது மட்டும் அப்படியே பொருந்தும் என்று எப்படி எடுத்துக்கொள்வது?

மனிதர்களுக்குக் கொடுத்தபோது?

1998-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில், முற்றிய புற்றுநோயில் இருந்த 32 பேருக்கு லிமோனீன் கொடுத்தார்கள். தாங்கக்கூடிய அதிகபட்ச அளவு, உடல் பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு 8 கிராம். சராசரி உடம்புக்குத் தினமும் 12 கிராமுக்கு மேல் வரும். மார்பகப் புற்றுநோய் இருந்த ஒருவருக்குக் கட்டி ஓரளவு சுருங்கி, 11 மாதம் அப்படியே இருந்தது. குடல் புற்றுநோயாளிகள் 3 பேருக்கு 6 மாதத்துக்கு மேல் நோய் வளராமல் நின்றது. நம்பிக்கையோடு அதே அளவை மேலும் 10 மார்பகப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். ஒருவருக்கும் கட்டி சுருங்கவில்லை.

2013-ல் அரிசோனா பல்கலைக்கழக ஆய்வு. ஆரம்பக் கட்ட மார்பகப் புற்றுநோயில் அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த 43 பெண்களுக்கு 2 முதல் 6 வாரம் வரை தினமும் 2 கிராம் லிமோனீன். பிறகு எடுக்கப்பட்ட திசுவைச் சோதித்தார்கள். மார்பகத் திசுவில் லிமோனீன் நன்றாகவே சேர்ந்திருந்தது. மேலே சொன்ன ‘பாஸ்’, அதாவது சைக்ளின் டி1, 22 சதவீதம் குறைந்திருந்தது. இது லேசான விஷயம் இல்லை. தட்டில் பார்த்தது மனித உடலிலும் நடக்கிறது என்பதற்கான சாட்சி. ஆனால் செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று காட்டும் கேஐ-67 என்ற அளவீட்டில் மாற்றம் இல்லை. பாஸ் குறைந்தது, வண்டிகள் குறையவில்லை.

பெரில்லில் ஆல்கஹாலை 1990-களில் தனி மருந்தாகவே சோதித்தார்கள். பெரிய பலன் இல்லை; வாந்தி, வயிற்றுப் பிரச்சினையால் பலரால் தொடர முடியவில்லை. பிரேசிலில் அதை மூளைக் கட்டி நோயாளிகளுக்கு மூக்கு வழியாக உறிஞ்சக் கொடுத்துப் பார்த்தார்கள். பொதுவான சிகிச்சையாக இன்னும் அது வரவில்லை.

வைட்டமின் சி கதையும் கிட்டத்தட்ட இதுதான். நோபல் பரிசு பெற்ற லினஸ் பாலிங் 1976-ல் அதை ஆதரித்துப் பேசினார் என்பதால் உலகம் நம்பியது. மேயோ கிளினிக் 1979-லும் 1985-லும் தினம் 10 கிராம் மாத்திரையாகக் கொடுத்து, ஒப்பீட்டுக் குழுவும் வைத்துச் சோதித்தது. வித்தியாசமே இல்லை.

ஜூஸ் குடித்தால் எவ்வளவு ரத்தத்துக்குப் போகும்?

இதுதான் ஃபார்வர்டுகள் சொல்லாத கணக்கு. ஒரு லிட்டர் ஆரஞ்சு ஜூஸில் லிமோனீன் சுமாராக 100 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். அரிசோனா பெண்கள் எடுத்த 2 கிராமை ஜூஸாகக் குடிக்க வேண்டும் என்றால் நாள் ஒன்றுக்கு 20 லிட்டர்!

ஹெஸ்பெரிடின் இன்னும் மோசம். அது தண்ணீரில் சரியாகக் கரையாது. பெருங்குடல் வரை போய், அங்கே பாக்டீரியா உடைத்துக் கொடுத்தால்தான் உடம்பில் சேரும். 2003-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், ஆரோக்கியமான 5 பேர் அரை லிட்டரும் ஒரு லிட்டருமாக ஆரஞ்சு ஜூஸ் குடித்தார்கள். ஒரு லிட்டர் குடித்தபோதும் ரத்தத்தில் ஹெஸ்பெரெட்டின் உச்ச அளவு 1.3 மைக்ரோமோலை ஒட்டித்தான் வந்தது. தட்டுச் சோதனைகளில் செல்களைக் கொல்லப் பல ஆய்வுகள் பயன்படுத்துவது 50, 100 மைக்ரோமோல். போதாததற்கு, ரத்தத்தில் இருப்பதில் பெரும்பகுதியைக் கல்லீரலும் குடலும் வேறு வடிவத்துக்கு மாற்றிவிடுகின்றன.

செடியிலிருந்து புற்றுநோய் மருந்து வராது என்று யாரும் சொல்லவில்லை. நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வந்தவைதான் வின்பிளாஸ்டினும் வின்கிறிஸ்டினும். 1958-ல் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் சர்க்கரை நோய்க்கு அந்த இலை உதவுமா என்று பார்க்கப் போய், வெள்ளை அணுக்கள் குறைவதைக் கவனித்து வின்பிளாஸ்டினைப் பிரித்தார்கள். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிறிஸ்டின் இன்றும் முக்கிய மருந்து. ஆனால் அது சில மில்லிகிராமாக அளந்து, ரத்தக் குழாயில் ஏற்றப்படுவது. நித்தியகல்யாணி இலையை அரைத்துக் குடித்தால் விஷம்.

தினமும் ஆரஞ்சு சாப்பிடுபவர்களுக்குப் புற்றுநோய் குறைவா?

குணப்படுத்துவது வேறு, வராமல் தடுப்பது வேறு. தடுப்பதில் படம் கொஞ்சம் நம்பிக்கையாக இருக்கிறது. வாய்ப் புற்றுநோய் பற்றிய 16 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து இத்தாலிய ஆய்வாளர்கள் 2006-ல் பார்த்ததில், ஆரஞ்சு வகைப் பழங்களை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு அந்த ஆபத்து கணிசமாகக் குறைவாக இருந்தது. இந்திய ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப் புற்றுநோய்தான் என்பதால் இது நமக்கு முக்கியம். ஆனால் பழம் சாப்பிடுபவர்கள் பொதுவாகப் புகையிலையும் குறைவாகப் போடுபவர்கள். எது எதனால் என்று பிரிப்பது கஷ்டம். வாயில் புகையிலையை அடக்கிக்கொண்டு கையில் ஆரஞ்சு வைத்திருந்தால் கணக்கு நேராகாது.

தோலோடு சாப்பிடுவதில் தமிழ்நாட்டுச் சமையலுக்கு ஒரு அனுகூலம் உண்டு. அரிசோனாவில் 2000-ல் வந்த ஆய்வு, எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலைச் சாப்பிடுபவர்களுக்கு ஒரு வகைத் தோல் புற்றுநோய் குறைவு என்றது. நாம் நாரத்தை, எலுமிச்சை, கடாரங்காய் எல்லாவற்றையும் தோலோடுதான் ஊறுகாய் போடுகிறோம். ஆனால் போடுகிற உப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். உப்பில் ஊறவைத்த உணவு அதிகமானால் வயிற்றுப் புற்றுநோய் ஆபத்து கூடும்.

எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களைப் பல வருடம் பின்தொடர்ந்த, 2015-ல் வெளியான ஆய்வில், தினமும் 1.6 முறைக்கு மேல் ஆரஞ்சு வகைப் பழம் அல்லது ஜூஸ் எடுத்தவர்களுக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் ஆபத்து 36 சதவீதம் அதிகமாக இருந்தது. இவற்றில் இருக்கும் சோராலென் தோலை வெயிலுக்குக் கூடுதலாகக் கூச வைக்கும் என்பது சந்தேகம். எலுமிச்சை பிழிந்த கையோடு வெயிலில் நின்றால் தோல் கருத்துப்போவதும் அதே சோராலென் வேலைதான். மெலனோமா வெள்ளைத் தோல்காரர்களுக்கே அதிகம் வருவது. நாம் இதற்காக ஆரஞ்சை ஒதுக்க வேண்டியதில்லை.

சிகிச்சையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது

பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கனடாவில் டேவிட் பெய்லி குழுவினர் 1989-ல் ஒரு ரத்த அழுத்த மாத்திரையோடு மதுவின் விளைவைச் சோதித்தார்கள். மதுவின் ருசி தெரியாமல் இருக்க கிரேப்ஃப்ரூட் ஜூஸில் கலந்து கொடுத்தார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு எகிறியது. காரணம் மது இல்லை, ஜூஸ்! மாத்திரைகளை உடைக்கும் குடல் என்சைம் ஒன்றை அந்தப் பழத்தில் உள்ள ஃபுரானோகூமரின்கள் முடக்கிவிடுகின்றன. கிரேப்ஃப்ரூட் நம் ஊரில் அபூர்வம். ஆனால் அதன் தாய்ப் பழமான பம்ப்ளிமாஸ் சந்தையில் கிடைக்கிறது. அதிலும், சில கசப்பு ஆரஞ்சு வகைகளிலும் இதே பொருள்கள் உண்டு.

ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப், நிலோட்டினிப், மார்பகப் புற்றுநோய்க்கான லப்பாட்டினிப், எவரோலிமஸ் போன்ற மாத்திரைகளோடு கிரேப்ஃப்ரூட் வேண்டாம் என்று மருந்துக் குறிப்பிலேயே இருக்கும். மருந்து அதிகமாகத் தங்கினால் அது கூடுதல் பலன் அல்ல, கூடுதல் விஷம். நிலோட்டினிப் விஷயத்தில் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். சாத்துக்குடி, கமலா ஆரஞ்சு ஆகியவற்றில் பொதுவாக இந்தச் சிக்கல் இல்லை. வாய்ப்புண் இல்லாதவரை எலுமிச்சை ஜூஸும் குடிக்கலாம். கீமோவால் வரும் குமட்டலுக்குச் சிலருக்கு அது இதமாகவும் இருக்கும். வாயில் புண் வந்துவிட்டால் புளிப்பு எரியும், நிறுத்திவிட வேண்டும்.

கொல்லிமலை என்றாலே மூலிகை என்று ஒரு பெயர் இருக்கிறது. முடவாட்டுக்கால் சூப்புக்காகவே மலையேறுகிறவர்கள் உண்டு. அந்தப் பெயரை லேபிளில் ஒட்டி விற்கும் தோல் பொடி, எண்ணெய், கேப்ஸ்யூல் எதையாவது வாங்கியிருந்தால், பாட்டிலோடு மருத்துவரிடம் காட்டுங்கள். பழத்தில் இருக்கும் அளவு வேறு, பிழிந்து செறிவாக்கிய எண்ணெயில் இருக்கும் அளவு வேறு.

‘காலையில் மாத்திரை, சாயங்காலம் பம்ப்ளிமாஸ், இடைவெளி விட்டால் போதாதா?’ என்று கேட்கலாம். போதாது. முடங்கிய என்சைமுக்குப் பதிலாகக் குடல் புதிதாக உண்டாக்கிக்கொள்ள 1 முதல் 3 நாள் வரை ஆகும். தினமும் மாத்திரை எடுப்பவர்களுக்கு இடைவெளி என்று ஒன்று கிடையாது.